கடைக்காரர் கணக்கு

நாமக்கல் நகரின் நடுவே ஒரே பாறையாய் உயர்ந்து நிற்கிறது மலைக்கோட்டை. அதனைச் சூழ்ந்த தெருக்களில் சிறு மளிகைக் கடைகள் பல உண்டு. அவை விடியற்காலையில் திறக்கப்பெற்று, ஊர் அடங்கிய பின்னரே மூடப்பெறும். அவற்றைக் காண்போர், "நிழலில் அமர்ந்து பணம் எண்ணும் தொழில், இதனினும் எளிய பிழைப்பு யாது?" என்பர். அக்கூற்றுப் பொருந்தாது என்பதே என் கருத்து.

கல்லாப் பெட்டியில் விழும் பணம் அனைத்தும் கடைக்காரருடையதன்று. அதில் பெரும்பகுதி மொத்த வணிகர்க்குச் சேர வேண்டியது. எஞ்சியதில் வாடகை, மின்கட்டணம், வண்டிக் கூலி ஆகியவை கழியும். பருப்பில் வண்டு விழும். மழைக்காலத்தில் வெல்லம் கசியும். மூட்டையை எலி கடிக்கும். நாமக்கல், கோழி முட்டைக்குப் பெயர்பெற்ற ஊர். ஆயினும், முட்டை விலை அடிக்கடி ஏறி இறங்கும். முன்னாள் மிகுந்த விலைக்கு வாங்கியதை மறுநாள் இறங்கிய விலைக்கு விற்க நேர்வதும் உண்டு.

இவை யாவினும் கொடியது வாராக் கடன். 100 ரூபாய்ப் பொருளில் ஆதாயம் 8 ரூபாய் என்று கொள்வோம். கடனாகத் தந்த அப்பொருளுக்குப் பணம் வாராதுபோயின், முதலாகிய 92 ரூபாயை மீட்க, மேலும் 1,150 ரூபாய்க்கு விற்றாக வேண்டும்.

நான் ஆசிரியப் பணி ஏற்ற புதிதில், எங்கள் தெருக்கடையில் மாதப் பற்று வைத்திருந்தேன். ஒருமுறை மூன்று மாதங்கள் கணக்கைத் தீர்க்கவில்லை. அதே நாளில் தீபாவளித் துணிகளை வேறிடத்தில் ரொக்கம் கொடுத்து வாங்கினேன். கடைக்காரரோ என்னைக் காணும்போதெல்லாம், "ஐயா, நலமா?" என்பாரேயன்றிக் கடனைப் பற்றி வாய் திறவார். ஆசிரியரிடம் கேட்க அவர் கூசினார். ஒருநாள் மொத்த வணிகரின் ஆள் வந்து, பலர் கேட்க அவரைக் கடிந்து பேசினார். அவர் தலைகுனிந்து நின்றார். குனிந்திருக்க வேண்டியது என் தலையன்றோ? அன்று மாலையே கணக்கைத் தீர்த்தேன். ஆயினும், அக்காட்சி இன்றும் என் நெஞ்சை உறுத்துகிறது.

எடை குறைப்போரும் கலப்படம் செய்வோரும் வணிகருள் இலரோ எனின், உளர். அவர்களை ஒறுக்கச் சட்டம் உண்டு. திருவள்ளுவரும் நடுவுநிலைமை அதிகாரத்தில் வாணிக நேர்மையை வற்புறுத்தினார். அந்நேர்மை விற்போர்க்கு மட்டுமோ? வாங்குவோர்க்கு வேண்டாவோ?

இந்நாளில் பெரிய அங்காடிகள் பல பொருள்களை விலை குறைத்து விற்கின்றன. அங்குச் செல்லுதல் குற்றமன்று. ஆனால், ரொக்கத்தை அங்குக் கொடுத்துவிட்டு, கடனை மட்டும் தெருக்கடையில் வைத்தல் அறமன்று. 2020 மார்ச்சு 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு நிலவியபோது, வெளியூர் செல்ல இயலாத மக்களுக்கு உப்பும் பருப்பும் தந்து உதவியவற்றுள் தெருமுனைக் கடைகளும் இருந்தன. அவ்வுதவியை மறத்தல் தகுமோ?

மாணவர்களே! கடைக்குச் செல்லும்போது பற்றுப் புத்தகத்தை ஒருமுறை பாருங்கள். நிலுவை இருப்பின், இல்லத்தில் பணிவுடன் நினைவூட்டுங்கள். கடைக்காரர் கேளாதிருப்பது அவர்தம் பண்பு. அவர் கேட்குமுன் கொடுப்பது நம் கடமை.