ஆர்க்டிக் க்ரூஸ் ரீல்ஸ் பார்க்குறீங்களா? அந்தக் கடலுக்கு அடியில ஒரு சென்னைக் கருவி இருக்கு!

கும்மிடிப்பூண்டி லோக்கல் கவரைப்பேட்டையில் நிற்கிறது. ஷிஃப்ட் முடிந்த களைப்பில் போனைத் திறந்தால், பனிப்பாறைகளுக்கு நடுவே சொகுசுக் கப்பல். உருகுறதுக்குள்ள பார்த்துடுங்கன்னு கூப்பிடுறாங்க.

இப்படிக் கப்பல்கள் குவியும் இடங்களில் ஒன்று நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகள். 2025 ஜனவரி முதல் அங்கே கெடுபிடி. பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் வரும் கப்பலில் 200 பயணிகளுக்கு மேல் கூடாது. பனிக்கரடியிடமிருந்து 300 மீட்டர் தள்ளி நிற்கணும். மார்ச் முதல் ஜூன் வரை 500 மீட்டர். செல்ஃபி பிரியர்கள் மன்னிக்க! கரடிக்கு நிம்மதிதான். ஆனா, அவ்வளவு தூரம் பறந்துபோகும் விமானப் புகைக்கு இந்த விதியில் பதில் இல்லை.

அங்குள்ள கோங்ஸ்ஃபியோர்டன் என்ற கடல் நுழைவு, முன்பெல்லாம் குளிர்காலத்தில் உறைந்து கிடக்கும். அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீர் புகுவதால், 2006-க்குப் பிறகு பெரும்பாலும் சரியாக உறைவதில்லை. அதன் கரையில்தான் 2008 முதல் இந்தியாவின் 'ஹிமாத்ரி' ஆய்வு நிலையம் இருக்கிறது. 2014-ல் அந்தத் தண்ணீருக்குள் இறக்கிய 'இண்ட்ஆர்க்' கருவித்தொகுப்பை உருவாக்கியதில் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்துக்குப் பெரிய பங்கு. நீரின் வெப்பம், உப்பு, ஓட்டம் எல்லாத்தையும் அளக்கும். ஆர்க்டிக் சூடாவதற்கும் நம்ம பருவமழைக்கும் என்ன தொடர்புன்னு விஞ்ஞானிகள் தேடுவது இந்த அளவுகளை வைத்துத்தான்.