தூண்டிலுக்கும் எல்லை வேண்டும்

“ஒற்றைத் தூண்டில் போடுகிறவனா கடலை அழித்துவிடப் போகிறான்?” கடல் பூங்காக்களில் பொழுதுபோக்கு மீன்பிடிப்புக்குத் தடை என்றதும் ஆஸ்திரேலியாவில் எழும் கேள்வி இது. கேட்பவர்களின் ஆதங்கம் புரிகிறது. அப்பாவும் மகளும் ஞாயிற்றுக்கிழமை படகில் போய் வருவதைக் குற்றம்போலப் பேசுவது நியாயமில்லை. ஆனால் தூண்டில் ஒன்றல்ல. ஆயிரக்கணக்கான படகுகள், பலவற்றில் மீன் நிற்கும் இடத்தைத் திரையில் காட்டும் கருவி வேறு. பிடித்ததைத் திரும்ப விட்டுவிடுகிறோமே என்பதும் முழு விடையல்ல. ஆழத்திலிருந்து வேகமாக இழுக்கப்படும் மீனுக்குக் காற்றுப்பை உப்பி, இரைப்பை வாய்வழியே பிதுங்கிவிடும். தண்ணீரில் விட்டாலும் கீழே இறங்க முடியாமல் மேலேயே தத்தளிக்கும்.

2004 ஜூலையில் கிரேட் பேரியர் ரீஃப் பூங்காவில், மீன்பிடிக்கக் கூடாத பச்சை மண்டலங்கள் 5 சதவீதத்துக்கும் குறைவான பரப்பிலிருந்து சுமார் 33 சதவீதமாக விரிந்தன. எதிர்ப்பு கடுமையாகவே இருந்தது. பிறகு அதே பூங்காவிலுள்ள கெப்பல் தீவுகளில், மீன்குஞ்சுகளின் மரபணுவைப் பெரிய மீன்களின் மரபணுவோடு ஒப்பிட்டுப் பெற்றோரைக் கண்டுபிடித்தார்கள் ஆய்வாளர்கள். 2012இல் வெளியான முடிவு இது: அங்குள்ள பவளத்திட்டுப் பரப்பில் தடைக்குள் இருந்தது 28 சதவீதம்தான். புதிதாக வந்து சேர்ந்த குஞ்சுகளில் ஏறக்குறைய பாதி, அந்தத் தடைப்பகுதி மீன்களின் வாரிசுகள். அவற்றில் பல, தடையில்லாத திட்டுகளில்தான் போய்த் தங்கின. அதாவது தூண்டில்காரரின் கைக்கு எட்டும் இடத்தில். எந்தத் திட்டை மூடுவது, எதைத் திறந்து வைப்பது என்று உள்ளூர்க்காரர்களோடு உட்கார்ந்து பேசட்டும், பேசியே ஆகவேண்டும். தடையே கூடாது என்ற பிடிவாதத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.