ஸ்கீம் பணத்தில் தொங்கும் உரிமை

ஆண்டுக்கு 3,500 ரூபாய். அரசுப் பள்ளியில் படிக்கும் ஒரு மாற்றுத்திறனாளிக் குழந்தைக்கு 'சமக்ர சிக்ஷா' என்கிற ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம் வைத்திருக்கும் அளவுகோல் இது. பெண் குழந்தைக்கு மாதம் 200 ரூபாய் வீதம் 10 மாத உதவித்தொகை உண்டு. சிறப்புப் பயிற்றுநரின் ஊதியம் தனிக்கணக்கு. மருத்துவ முகாம், உபகரணம், பிரெயில் புத்தகம், பயணப்படி, துணைக்கு வருபவருக்கான படி எல்லாம் அந்த 3,500க்குள் அடங்கியாக வேண்டும். 365ஆல் வகுத்துப் பாருங்கள், நாளுக்கு 10 ரூபாய்கூடத் தேறாது.

அந்தப் பணத்தைத்தான் 2024-25இல் ஒன்றிய அரசு பிடித்து வைத்தது.

2018இல் தொடங்கிய சமக்ர சிக்ஷாவில் ஒன்றிய அரசின் பங்கு 60 விழுக்காடு, தமிழ்நாட்டின் பங்கு 40. பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் கையெழுத்துப் போட்டால் தேசியக் கல்விக் கொள்கை 2020ஐ முழுதாக ஏற்க வேண்டியிருக்கும் என்பதால் தமிழ்நாடு மறுத்தது. அதற்குத் தண்டனையாக நின்றுபோனது 2,152 கோடி ரூபாய். கொள்கையை ஏற்காதவரை பணம் கிடையாது என்று 2025 பிப்ரவரியில் ஒன்றியக் கல்வி அமைச்சர் தர்மேந்திர பிரதான் வெளிப்படையாகவே பேசினார். இப்படி நிறுத்தி வைப்பது நியாயமில்லை என்று திக்விஜய் சிங் தலைமையிலான நாடாளுமன்ற நிலைக்குழு சொன்னது. தமிழ்நாடு அரசு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

இது மும்மொழிச் சண்டை என்றும் மாநில உரிமைச் சண்டை என்றும் மேடைகளில் நிறையப் பேசினார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் நடக்க முடியாத, காது கேட்காத, கற்றலில் பின்தங்கிய குழந்தையின் பெயர் அந்த மேடைகளில் எத்தனை முறை வந்தது? அந்தக் குழந்தையைத் தேடி வீட்டுக்கே வரும் பயிற்றுநரின் சம்பளமும், வட்டார வள மையத்தில் கை கால்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட்டின் சம்பளமும் அதே கணக்கிலிருந்துதான் வருகின்றன.

"மாற்றுத்திறன் எல்லாச் சாதியிலும் உண்டு, இதிலும் சாதியை இழுக்கிறீர்களே" என்று கேட்பார்கள். இழுப்பது நாம் அல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பட்டியல் சாதியினரில் மாற்றுத்திறனாளிகள் 2.45 விழுக்காடு, பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதவர்களில் 2.18. பட்டினியும் ஆபத்தான வேலையும் எட்டாத மருத்துவமும் எந்தத் தெருவில் அதிகமோ அந்தத் தெருவில் இந்தக் கணக்கும் ஏறும். அதே கணக்கெடுப்பின்படி திருவாரூர் மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் 34 விழுக்காடு, மயிலாடுதுறையும் சேர்ந்திருந்த அன்றைய நாகப்பட்டினத்தில் 31க்கு மேல், தஞ்சாவூரில் ஏறத்தாழ 19. வசதி உள்ள குடும்பம் தஞ்சாவூரிலோ திருச்சியிலோ தனியார் தெரபிக்கு மணிக்கணக்கில் பணம் கட்டும். நிலமில்லாத கூலிக் குடும்பத்துக்கு அரசுப் பள்ளியை விட்டால் வேறு கதியில்லை. எனவே இந்த நிதியை வெட்டினால் வெட்டு எங்கே விழும் என்பது வெட்டுகிறவர்களுக்கும் தெரியும்.

களத்தில் இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். பள்ளியில் சாய்தளம் இருக்கிறது, புகைப்படமும் எடுத்தாயிற்று. ஆனால் காலனியிலிருந்து பள்ளிக்கு வரும் பாதை மழைக்காலத்தில் சேறு. சக்கர நாற்காலி அந்தச் சேற்றைத் தாண்டினால்தானே சாய்தளத்தில் ஏற முடியும்? பயணப்படி கணக்கில் ஏறுவதற்கும் துணைக்கு ஆள் வேண்டும். சம்பா நடவு நேரத்தில் அந்த ஆள் அம்மாதான். அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு வந்தால் அன்றைய கூலி போகும். சான்றிதழுக்கும் அடையாள அட்டைக்கும் முகாமுக்கு அலைந்தால் இன்னொரு நாள் கூலி போகும். அட்டை இல்லாத பிள்ளை பதிவேட்டில் சரியாக ஏறுவதில்லை. பதிவேட்டில் ஏறாத பிள்ளைக்கு ஒதுக்கீடு வருவதில்லை. பிறகு ஒரு நாள், "உங்கள் ஊரில் அப்படிப்பட்ட குழந்தைகள் குறைவு" என்று அலுவலகத்தில் பதில் வரும்.

டெல்லியைத் திட்டிவிட்டு இங்கே நிறுத்திக்கொள்வது சுலபம். சென்னையையும் கேட்க வேண்டும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 31, நாற்பது விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடு உள்ள 6 முதல் 18 வயதுக் குழந்தைக்கு அருகமைப் பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வியை உரிமையாகத் தருகிறது. பிரிவு 17, ஐந்தாண்டுக்கு ஒருமுறை பள்ளிக் குழந்தைகளிடையே கணக்கெடுக்கச் சொல்கிறது. 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு, தொடக்க வகுப்புகளில் 10 குழந்தைகளுக்கு ஒருவர், மேல் வகுப்புகளில் 15 குழந்தைகளுக்கு ஒருவர் என்று சிறப்பு ஆசிரியர் விகிதத்தை 2022இல் ஒன்றிய அரசு வகுத்தது. பணியிடங்களை அனுமதித்து அறிவியுங்கள் என்று 2025 மார்ச் 7 அன்று எல்லா மாநிலங்களுக்கும் உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவிட வேண்டி வந்தது. ஆனால் இங்கே சிறப்புப் பயிற்றுநர்கள் ஆண்டுக்கணக்காகத் தொகுப்பூதியத்தில் பள்ளி பள்ளியாகச் சுற்றுகிறார்கள். கணக்கு ஆசிரியரின் பணியிடம் டெல்லி பணம் அனுப்பினாலும் அனுப்பாவிட்டாலும் இருக்கிறது. நம் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிறவரின் வேலை மட்டும் ஏன் ஆண்டுத் திட்ட ஒப்புதலை நம்பி இருக்க வேண்டும்? உரிமை நிரந்தரமானது என்றால் அதை நிறைவேற்றுகிறவரும் நிரந்தரமாக இருக்க வேண்டும்.

நடுவண் அரசு சொன்ன பங்கைத் தராமல் போவது இந்தியாவில் மட்டும் நடப்பதல்ல. அமெரிக்காவில் 1975இல் இதற்கென்று சட்டம் போட்டபோது, கூடுதல் செலவில் 40 விழுக்காடு வரை தருவதாக நடுவண் அரசு சொன்னது. இன்றுவரை ஓர் ஆண்டிலும் அந்த அளவை எட்டவில்லை. ஆனால் "வாஷிங்டன் பணம் தரவில்லை" என்று சொல்லி எந்தப் பள்ளி நிர்வாகமும் அங்கே ஒரு குழந்தையைத் திருப்பி அனுப்ப முடியாது. அங்கும் கறுப்பினக் குழந்தைகள் படும் பாடு தனிக்கதை. ஆனாலும் பணச் சண்டை அரசுகளுக்குள்ளே நடக்கட்டும், குழந்தையின் உரிமை அதில் சிக்கக் கூடாது என்கிற சட்ட ஏற்பாடு அங்கே இருக்கிறது. நமக்கு வேண்டியது அதுதான்.

"மாநிலத்திடம் நிதி இல்லை" என்பார்கள். 1927இல் பம்பாய் சட்டமன்றத்தில் கல்வி மானிய விவாதத்தின்போது பாபாசாகேப், மக்களிடமிருந்து கலால் வருவாயாக எடுக்கும் அளவுக்காவது அவர்களின் கல்விக்குச் செலவிடுங்கள் என்று கேட்டார். 2023-24இல் டாஸ்மாக் மூலம் தமிழ்நாடு அரசுக்கு வந்தது 45,000 கோடிக்கு மேல். டெல்லி நிறுத்திய தொகை அதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. அந்த 45,000 கோடியில் நம் அப்பன்களின் கூலி எவ்வளவு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டத்தை 2024இல் சட்டமன்றம் நிறைவேற்றியது. மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்ப நிதி ஒதுக்குவதுதான் அதன் உயிர். அந்த நிதியில் தலித் மாற்றுத்திறனாளிக் குழந்தைக்கென்று தனித் தலைப்பு வையுங்கள் என்று கேட்போம். பொதுக் கல்வி நிதியிலிருந்து அவர்களுக்கு வர வேண்டிய பங்கை இதைக் காட்டிக் கழிக்கக் கூடாது என்பதையும் சேர்த்துக் கேட்போம்.

தோழர்களே, பதிவைப் பகிர்ந்தால் மட்டும் போதாது. உங்கள் வட்டார வள மையத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் நான்கு கேள்வி அனுப்புங்கள்: பதிவில் உள்ள மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் எத்தனை பேர், அவர்களில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர், சிறப்புப் பயிற்றுநர்கள் எத்தனை பேர், கடந்த மூன்று ஆண்டுகளில் வந்த தொகையும் செலவான தொகையும் எவ்வளவு. பதில் வருவதற்குள் உங்கள் காலனியில் வீடு வீடாகப் போய் நீங்களே ஒரு கணக்கெடுங்கள். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விடுபட்ட பெயர்களைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் வையுங்கள். அங்கே கேட்கவில்லை என்றால் கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதும்வரை எழுந்து போகாதீர்கள்.

ஜெய்பீம்.