குமட்டலும் கோடி வெப்பமும்

பெரிய ஆராய்ச்சி எது, சிறிய ஆராய்ச்சி எது? நம் மன்றத்து நண்பர்கள் கூடிப் பேசும்போதெல்லாம் இந்தக் கேள்வி தலைதூக்குகிறது. "பட்டினி தீராத நாட்டுக்கு விண்மீனைப் பிடித்துப் புட்டியில் அடைக்கும் வேலை எதற்கு?" என்று அணுக்கரு இணைவைக் கேலி செய்வார் ஒரு நண்பர். "புற்றுநோய் ஒன்றே ஆராயத்தக்கது, மற்றவையெல்லாம் பொழுதுபோக்கு" என்பார் இன்னொருவர். "பேருந்தில் வரும் குமட்டலுக்கும் ஆராய்ச்சியாமே! ஓர் எலுமிச்சம்பழம் போதாதா?" என்பார் மூன்றாமவர். அவருக்குத்தான் கைதட்டல் அதிகம். கைதட்டல் அதிகம் பெற்ற அந்தக் கருத்தே மூன்றிலும் மிகத் தவறானது என்பது என் எண்ணம். ஏன் என்று சொல்கிறேன்.

நான் ஆனைகட்டியில் வளர்ந்தவன். கோவை மாவட்டம் முடிந்து பாலக்காட்டு மாவட்டத்து அட்டப்பாடி தொடங்கும் இடம் அது. ஒரு பாலம், பாலத்துக்கு இப்புறம் தமிழ்நாடு, அப்புறம் கேரளம். காடும் மேடும் மலிவாகக் கிடைத்த காலத்தில் பிழைப்பு தேடிச் சமவெளியிலிருந்து அப்புறம் போய்க் குடியேறிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. வீட்டிலே தமிழ், பள்ளியிலே மலையாளம், பக்கத்து ஊர்களிலே இருளர் மொழி, இப்போது ஆய்வுக்கூடத்திலே ஆங்கிலம் என்று நாலு மொழிக்கு நடுவே வளர்ந்த எனக்கு, அறிவியல் எந்த மொழியில் பேசினாலும் எங்கள் ஊர்வரை அது வந்து சேர்கிறதா என்று பார்ப்பதே வழக்கமாகிவிட்டது. சலீம் அலி பெயரால் அமைந்த பறவையியல் மையம் எங்கள் ஆனைகட்டியில்தான் இருக்கிறது. பறவைகளை ஆராய ஊர் தேடி வந்த அறிவியல், மனிதரை ஆராயவும் ஒருநாள் வரும் என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வோம்.

எங்கள் ஊரிலிருந்து பெரிய மருத்துவமனைக்குப் போவதென்றால் கோவைக்கு மலை இறங்க வேண்டும். அல்லது மேற்கே மண்ணார்க்காட்டுக்குச் சுரம் இறங்க வேண்டும். இரண்டும் வளைவுப் பாதைகள். என் பெரியம்மா முறையில் ஒருவர், வயிற்றெரிச்சலும் பசியின்மையும் வந்து பல மாதம் சீரகத் தண்ணீரிலேயே காலம் தள்ளினார். "கோயமுத்தூருக்குப் போலாம் வாங்க பெரியம்மா" என்றால், "பஸ்ஸுல ஏறுனாக் கொடலே வெளிய வந்துருது சாமி, அதுக்கு இந்த நோவே தேவலை" என்பார். வீட்டிலும் யாரும் வற்புறுத்தவில்லை. வாந்திக்குப் பயந்து வைத்தியத்தைத் தள்ளிப் போடுகிறவர்களை நகரத்து நண்பர்கள் அறியமாட்டார்கள். மலையில் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார். கடைசியில் அழைத்துப் போனபோது இரைப்பையில் புற்று என்றார்கள். அறுவைக்குக் காலம் கடந்துவிட்டது என்றும் சொன்னார்கள். நண்பர்கள் தனித்தனியே தரம் பிரித்துப் பேசுகிற இரண்டு ஆராய்ச்சிகளும் அந்த ஒரே உடம்பில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. குமட்டல் சிறியது, புற்று பெரியது என்று அந்த உடம்புக்கு யார் போய் விளக்குவது?

பயணக் குமட்டல் வயிற்றில் பிறப்பதன்று, காதில் பிறப்பது. நம் உட்செவியில் மூன்று அரைவட்டக் குழல்களும், நேர்க்கோட்டு அசைவை உணரும் இரு சிறு பைகளும் உள்ளன. உடல் எப்படி அசைகிறது என்று மூளைக்கு ஓலை அனுப்புவது அவற்றின் வேலை. பேருந்துக்குள் கண் பார்ப்பது முன்னிருக்கையின் முதுகை, அது அசையவில்லை. செவியோ, "வளைகிறோம், சாய்கிறோம்" என்கிறது. இரண்டு ஓலையும் முரண்படும்போது மூளை தடுமாறுகிறது. இந்த முரண்பாட்டுக் கொள்கையை ரீசன், பிராண்டு என்ற இருவர் 1975இல் நூலாகவே எழுதி நிலைநாட்டினர். அதற்கும் முன்னே, 1882இல், அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் செவிப்புலன் இல்லாத 519 பேரைச் சுழற்றிப் பார்த்தபோது 186 பேருக்குத் தலைசுற்றலே வரவில்லை. குற்றவாளி வயிறன்று, உட்செவியே என்பதற்கு அது நல்ல சாட்சி. சரி, ஓலை முரண்பட்டால் வாந்தி ஏன் வரவேண்டும்? கண்ணும் செவியும் ஒத்துப்போகாமை நஞ்சு உண்டதன் அறிகுறி என்று மூளை எண்ணி, உண்டதை வெளியேற்றுகிறது என்றார் டிரீஸ்மன் 1977இல். எல்லோரும் ஏற்ற விளக்கமன்று. ஆனால் அழகான விளக்கம்.

இன்னொரு வியப்பும் உண்டு. விரைவாகக் குலுக்கும் ஆட்டத்தில் குமட்டல் குறைவு. ஏறத்தாழ 5 விநாடிக்கு ஒருமுறை மெல்ல ஏறி இறங்கும் ஆட்டமே மிகவும் படுத்துகிறது. தடதடவென்று ஆடும் கட்டை வண்டியில் பத்து மைல் போய் வருபவர், மெத்தென்ற சொகுசுப் பேருந்தில் பத்தாம் நிமிடம் வாந்தி எடுப்பதன் மருமம் இது. ஓட்டுநருக்கு வருவதில்லை; அடுத்த வளைவு அவருக்கு முன்கூட்டியே தெரியும். பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் மிகுதி. மருத்துவமனைக்குப் போகவேண்டியவர்களில் பாதிப்பேர் அவர்கள்தாமே!

எலுமிச்சம்பழ நண்பருக்கு ஒரு வரலாறு சொல்லவேண்டும். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 1947இல் தோல் தடிப்புக்காக ஒரு புது மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். அதை உண்ட கர்ப்பிணி ஒருவர், "தடிப்பு இருக்கட்டும், வாழ்நாளெல்லாம் டிராம் வண்டியில் எனக்கு வந்த குமட்டல் இப்போது வருவதில்லையே!" என்ற பொருளில் ஒரு செய்தி சொன்னார். தடிப்பைத்தானே கேட்டோம் என்று அந்த மருத்துவர்கள் தள்ளிவிடவில்லை. கடல் கடக்கும் படைக்கப்பல் ஒன்றில் வீரர்களுக்குக் கொடுத்துச் சோதித்து 1949இல் முடிவை வெளியிட்டார்கள். டிராமமைன் என்று உலகெங்கும் விற்கும் மாத்திரை அப்படி வந்தது. தூக்கம் வரவழைப்பது அதன் குறை. 2025இல் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தார், விநாடிக்கு 100 அதிர்வுகள் கொண்ட தாழ்ந்த ஒலியை ஒரு நிமிடம் செவியில் செலுத்தினால் உட்செவி தூண்டப்பட்டுக் குமட்டல் தணிகிறது என்று வெளியிட்டிருக்கிறார்கள். சிலரிடம் செய்த சோதனைதான். மலைப்பேருந்தில் நிலைபெறுமா என்பது இனிமேல்தான் தெரியும். ஆனால் மாத்திரையின்றி ஒலியால் ஒரு பாட்டியைக் கோவைவரை கொண்டுசேர்க்க முடியுமானால், அந்த ஆராய்ச்சியைச் சிறியது என்று சொல்ல எனக்கு நா எழாது.

இனி இரைப்பைக்கு வருவோம். 2022இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 9 இலட்சத்து 70 ஆயிரம் பேருக்கு இரைப்பைப் புற்று புதிதாகக் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 6 இலட்சத்து 60 ஆயிரம் பேர் அதனால் இறந்தனர். இவ்வளவு பேரைக் கொல்லும் நோய், தொடக்கத்தில் வாய் திறப்பதே இல்லை. எரிச்சல், ஏப்பம், பசியின்மை என்று எல்லார் வீட்டிலும் உள்ள தொல்லையாக வேடமிட்டு வருகிறது. இதன் வேரைக் காட்டியவர்கள் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்து ராபின் வாரனும் பாரி மார்ஷலும். ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற நுண்ணுயிரை 1982இல் வளர்த்துக் காட்டினார்கள். யாரும் நம்பாதபோது 1984இல் மார்ஷல் அதைத் தாமே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 1994இல் புற்று விளைவிக்கும் காரணிகளின் முதல் வரிசையில் அந்த உயிர் சேர்க்கப்பட்டது. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அழற்சி நீடித்தால் இரைப்பையின் உட்சவ்வு மெலிகிறது. மெலிந்த சவ்வு உருமாறுகிறது. அந்த உருமாற்றத்திலிருந்தே பல ஆண்டு கழித்துப் புற்று முளைக்கிறது. அந்தப் பல ஆண்டுகள்தாம் நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு. பெப்சினோஜன் என்ற பொருளில் இரு வகை உண்டு. முதல் வகை இரைப்பையின் மேற்பகுதிச் சுரப்பிகளில் மட்டும் பிறப்பது. இரண்டாம் வகை இரைப்பை முழுதும் பிறப்பது. சவ்வு மெலிந்தால் முதல் வகை குறையும், இரண்டாவது நிற்கும். ஆகவே கையில் எடுத்த சில துளி இரத்தத்தில் இரண்டின் விகிதத்தைப் பார்த்தாலே உள்ளே என்ன நடக்கிறது என்று ஊகிக்கலாம். முதல் வகை மில்லிலிட்டருக்கு 70 நானோகிராமுக்கு மேற்படாமலும், விகிதம் 3க்கு மேற்படாமலும் இருந்தால் குழாய் விட்டுப் பார்க்க வேண்டியவர் என்பது ஜப்பானியர் வகுத்த எல்லை. இது புற்று உண்டு, இல்லை என்று தீர்ப்புக் கூறாது. சவ்வு மெலியாமலே வரும் புற்றைத் தவறவிடவும் கூடும். ஆயிரம் பேரில் யாரை முதலில் மலை இறக்கி அழைத்துச் செல்வது என்று மட்டும் சொல்லும். எங்களுக்கு அது போதும்!

தைவானின் ஆட்சிக்கு உட்பட்ட மட்சு தீவுகளில் 2004 முதல் மக்களைத் திரளாகச் சோதித்து அந்த நுண்ணுயிரை மருந்தால் ஒழித்துவந்தார்கள். இரைப்பைப் புற்று பாதிக்கு மேல் குறைந்தது. ஜப்பான் 2013இல் அந்த நுண்ணுயிரால் வரும் அழற்சிக்கே காப்பீட்டில் மருத்துவம் கொடுத்துவிட்டது. நாம்? சென்னையில் முத்துலட்சுமி ரெட்டியார் 1954இல் புற்றுநோய் நிலையத்தை நிறுவிய நாள்முதல், வருகிற நோயாளியைக் காக்கும் தொண்டு இங்கே குறைவற நடக்கிறது. வராத நோயாளியைத் தேடிப் போவதுதான் குறை. இங்கே நுணுக்கமான ஒரு சிக்கலும் உண்டு. இந்தியரில் இந்த நுண்ணுயிர் மிகப் பரவலாக இருந்தும் ஜப்பானைப்போல் புற்று பெருகவில்லை. அதே இந்தியாவில் மிசோரத்தில் மிகுதி, வடமேற்கில் குறைவு, தென்னாட்டில் நடுத்தரம். மிசோரத்தில் புகையிலைப் புகையை நீரில் செலுத்தி அந்நீரை வாயிலிட்டுக் கொப்பளிக்கும் வழக்கத்தையும் காரணங்களில் ஒன்றாகச் சுட்டுகிறார்கள். அப்படியானால் ஜப்பானியர் வயிற்றுக்கு வகுத்த 70உம் 3உம் இருளர் வயிற்றுக்கும் கொங்கு வேளாளர் வயிற்றுக்கும் அப்படியே பொருந்துமென்று எவ்வாறு கொள்வது? இங்கேயே அளந்து பார்த்தாலல்லவா தெரியும்? புதுக் குறிப்பொருளைக் கண்டுபிடித்தோம் என்று எழுதினால் பெயர் வரும். பழைய குறிப்பொருளை ஆனைகட்டியில் அளந்தோம் என்று எழுதினால் எவர் பாராட்டுவார் என்ற எண்ணம்தான் குறுக்கே நிற்கிறது. உயிர்வேதியியல் படிக்கும் நண்பர்கள் என்னைக் கோபித்துக்கொள்ளலாம்.

அணுக்கரு இணைவு நான் படிக்கும் இயற்பியலுக்கு உட்பட்டது. ஆகையால் அதைச் சுருக்கமாகவே சொல்வேன். தன் பிள்ளையைப் பிறர்தாம் புகழவேண்டும். சூரியனின் நடுவில் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி பாகை வெப்பம். பிரான்சில் ஏழு தரப்பினர் கூடிக் கட்டும் 'ஈட்டர்' உலையில் பிளாஸ்மா 15 கோடி பாகை தொடவேண்டும். அதைத் தாங்கும் பாத்திரம் இல்லை. காந்தப்புலத்தால் அந்தரத்தில் நிறுத்துகிறார்கள். எந்த வெப்பமானியை உள்ளே விடுவது? 1968இல் சோவியத் அறிஞர் ஆர்ட்சிமோவிச், தம் டி-3 பொறியில் ஒரு கோடி பாகை அளவுக்கு வெப்பம் எட்டினோம் என்றபோது மேல்நாட்டார் நம்பவில்லை. வா, வந்து அளந்து பார் என்றார்கள் சோவியத்தார். பனிப்போர் உச்சத்தில் இருந்த 1969இல், பிரிட்டனின் கல்ஹம் ஆய்வுக்கூடத்தார் லேசர்க் கருவிகளுடன் மாஸ்கோவுக்கே போனார்கள். எலக்ட்ரான்கள் எவ்வளவு விரைந்து ஓடுகின்றனவோ அவ்வளவுக்கு அவற்றில் பட்டுச் சிதறும் ஒளியின் நிறம் விரியும். அந்த விரிவை அளந்து, சோவியத்தார் சொன்னது மெய்யே என்று அறிவித்தார்கள். எதிராளியின் அளவுகோலுக்கு வாசலைத் திறந்துவிடும் இந்தத் துணிவு எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் எங்கள் துறையாரிடம் ஒரு பெருமையடிப்பும் உண்டு. 2022 டிசம்பர் 5இல் அமெரிக்க லேசர் நிலையமொன்றில் 2.05 மெகாஜூல் கொடுத்து 3.15 மெகாஜூல் பெற்றார்கள். உண்மையிலேயே பெரிய சாதனை. நாளைக்கே கடல்நீரில் விளக்கெரியும் என்று செய்தித்தாள்கள் முழங்கின. அந்த லேசரை இயக்க மின்கம்பியிலிருந்து எடுத்தது ஏறத்தாழ 300 மெகாஜூல் என்பதை எத்தனை பேர் எழுதினார்கள்? ஈட்டரில் டியூட்டிரியம், டிரிட்டியம் எரியும் சோதனை 2039இல் என்று 2024இல் புதிய அட்டவணை வந்தது. இந்தியா 1989இலேயே காந்திநகரில் 'ஆதித்யா' பொறியை இயக்கியது. ஈட்டரைச் சூழும் 3,850 டன் குளிர்கலத்தை வடித்துக் கொடுத்ததும் நம் நாடே. செலவுக்கு ஈடாக உடனே மின்சாரம் வராது என்பதைத் திறந்து சொல்லிவிட்டே மக்களிடம் பணம் கேட்கவேண்டும். பேரன் காலத்துக்குக் கிணறு வெட்டுகிறோம் என்றால் உழவன் புரிந்துகொள்வான். நாளைக்குத் தண்ணீர் என்று ஏய்த்தால் அடுத்த முறை மண்வெட்டியைத் தரமாட்டான்.

கைக்கு எட்டாத இடத்தில் நடப்பதை வெளியே நின்று அளப்பதுதான் இந்த மூன்றிலும் வேலை. ஒன்றின் கருவி இன்னொன்றுக்கு எப்போது உதவும் என்று எவரும் குறி சொல்ல இயலாது. பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, ஹாப்கின்சுடன் சேர்ந்து 1954இல் கண்ணாடி இழைக் கற்றையால் படத்தை வளைத்து அனுப்பலாம் என்று காட்டியபோது அது ஒளியியல். ஹிர்ஷோவிட்ஸ் 1957இல் அதே வழியில் இரைப்பைக்குள் பார்த்தபோது அது மருத்துவம். ஆகவே "எது பெரியது?" என்ற கேள்வியை விட்டுவிடுவோம். அளந்தது எவ்வளவு, அளக்காதது எவ்வளவு, யாரிடம் அளந்தீர்கள், எங்கள் ஊரில் அளப்பீர்களா என்று கேட்போம்.

மன்றத்திடம் என் வேண்டுகோள் ஒன்றே. வரும் கோடை விடுமுறையில் அட்டப்பாடிச் சிற்றூர்களில் ஒரு வாரம் மாலைதோறும் தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். இருளர் மொழி அறிந்த நண்பர்கள் எங்கள் ஊரில் துணைக்கு வருவார்கள். நீங்காத வயிற்றெரிச்சல், காரணமின்றி எடை குறைதல், கறுத்த மலம், இவற்றைக் கண்டால் காத்திராதீர்கள் என்று சொல்லவேண்டும். வாந்திக்குப் பயந்தவர்கள் ஓட்டுநர் பக்கத்து முன்னிருக்கையில் அமர்ந்து சாலையைப் பார்த்தபடி வரலாம், மாத்திரையை மருத்துவரைக் கேட்டு ஏறுவதற்கு அரைமணி முன்னே போடலாம் என்றும் சொல்லவேண்டும். உயிர்வேதியியல் நண்பர் ஒருவரும் மருத்துவக் கல்லூரி மாணவர் இருவரும் கிடைத்தால் போதும். தங்க இடமும் சோறும் என் பொறுப்பு. விரும்புவோர் மன்றச் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.