இரக்கப் பணம் வேண்டா. எம் பங்கைக் கொடு!



போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் செல்லும் வழியில், மேற்குமலையின் அடிவாரத்தில் உள்ளது இராசிங்காபுரம். பொழுது புலருமுன் இப்பகுதிப் பெண்கள் தூக்குச்சட்டியும் கையுமாகத் தெருமுனையில் நிற்கின்றனர். அவர்களை நெருக்கி அடைத்துக்கொண்டு ஊர்திகள் மலையேறுகின்றன. ஏலத்தூறுகளின் அடியில் நாள்முழுதும் குனிந்து காய்பறித்து, இருள் சூழும் வேளையில் அவர்கள் வீடு திரும்புகின்றனர். மலைப்பொருளுக்கு உழைப்பைத் தருவது அடிவாரம். அடிவாரத்துக்கு அரசு தந்தது என்ன?

“சிற்றூர்களுக்கு வாரி வழங்குகிறோம்” என்கின்றனர் ஆட்சியாளர். வழங்கியதை எண்ணிப் பார்ப்போமா?

2019 முதல் ‘பிரதான் மந்திரி கிசான் சம்மான் நிதி’ என்று ஆண்டுக்கு 6,000 உருபா தருகின்றனர். நிலமுள்ள குடும்பத்துக்கே அது உரியது. மலையேறும் நிலமற்ற கூலிப்பெண்ணுக்கு அதில் ஒரு காசும் இல்லை. அதன் பெயரும் அவளுக்கு விளங்குவதில்லை. ‘பிரதான் மந்திரி ஆவாஸ் யோஜனா’ என்று வீடு கட்ட 1,20,000 உருபா ஒதுக்குகின்றனர். அதில் நூற்றுக்கு நாற்பது தமிழ்நாட்டரசின் பணம். பெயர் மட்டும் முழுக்க முழுக்கத் தில்லியுடையது! தாலிக்குப் பொன் கொடுத்தவன் ஒருவன். மணவறையில் அமர்ந்தவன் வேறொருவன்!

2005-ஆம் ஆண்டுச் சட்டம் ஊர்ப்புற ஏழைக்கு நூறு நாள் வேலையை உரிமையாக்கியது. உடலுழைப்புக் கூலி முழுவதையும் நடுவணரசே ஏற்றது. 2025 திசம்பரில் அதனை நீக்கிப் புதுச்சட்டம் இயற்றினர். நாளை 125 என உயர்த்தினோம் என்று பறையறைந்தனர். செலவில் நூற்றுக்கு நாற்பதை மாநிலத்தின் தலையில் சுமத்தியதை மெல்ல முணுமுணுத்தனர். எந்த மாநிலத்துக்கு எவ்வளவு என்பதையும் இனித் தில்லியே வரையறுக்குமாம். அதற்கு மேற்பட்டால் மாநிலமே தாங்க வேண்டுமாம். உரிமை படியளப்பாயிற்று!

இன்னும் கேளுங்கள். மதுரையிலிருந்து போடிக்கு 90 கி.மீ. தொடர்வண்டிப் பாதையை 1928-இல் வெள்ளையன் திறந்தான். தேயிலையும் ஏலமும் ஏற்றித் தன் வாணிகம் வளர்க்கவே அவன் போட்டான், ஆயினும் போட்டான். பாதையை அகலப்படுத்துவதாகக் கூறி 2010 இறுதியில் வண்டியை நிறுத்தினர். 2022 மே மாதத்தில் தேனிக்கும், 2023 சூனில் போடிக்கும் வண்டி வந்தது. இருந்த பாதையை அகலப்படுத்தப் பன்னிரண்டரை ஆண்டு! அன்று பள்ளியில் சேர்ந்த குழந்தை பள்ளிப்படிப்பையே முடித்துவிட்டது.

பணமில்லையா? இருந்தது! 2015 சனவரியில், இதே போடி மேற்குமலையில் பொட்டிப்புரத்தருகே மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 1,500 கோடி உருபாவுக்கு நடுவண் அமைச்சரவை இசைவளித்தது. ஊர் கேட்ட பாதை ஊர்ந்து வந்தது. ஊர் கேளாத சுரங்கத்துக்குக் கோடிகள் ஓடி வந்தன! மக்கள் எதிர்த்தனர், வழக்குகள் எழுந்தன, 2022-இல் தமிழ்நாட்டரசும் உச்சமன்றத்தில் எதிர்ப்பைப் பதிந்தது. “நீங்கள் அறிவியலுக்குப் பகைவரா?” என்று சிலர் வினவுவர். அல்லோம்! எங்கள் மலையை என்ன செய்வது என்று எங்களைக் கேட்டாயா என்பதே எம் வினா.

ஏலத்தின் கதையும் இதுவே. 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த நறுமணப் பொருள் வாரியத்தின் தலைமையகம் கொச்சியில். அதன் ஏல ஆராய்ச்சி நிலையம் இடுக்கியின் மயிலாடும்பாறையில். விற்பனைக் கூடமொன்று போடியில் உண்டு. அங்கே விலை கூறுவோர் வணிகர். காய் பறித்தவள் அங்கே பேசப்படுவதே இல்லை.

தில்லியை மட்டும் குறைகூறித் தப்ப முடியாது. சென்னைக் கோட்டையின் செயலென்ன? 2016-இல் முடிந்த ஊராட்சிப் பொறுப்புக்காலத்துக்குப் பின் 2019 திசம்பரில்தான் தேனி முதலான மாவட்டங்களின் ஊர்ப்புறங்களில் தேர்தல் நடந்தது. அவர்கள் காலமும் 2025 சனவரியில் முடிந்ததும், மீண்டும் தேர்தல் நடத்தாமல் ஊராட்சிகளைத் தனி அலுவலர் கையில் ஒப்படைத்தனர். மாநிலத் தன்னாட்சி கேட்கும் வாய், ஊரின் தன்னாட்சியை விழுங்கலாமா? தில்லி நமக்குச் செய்வதை நாம் இராசிங்காபுரத்துக்குச் செய்தால், தில்லியைக் கேட்க நமக்கு என்ன தகுதி?

ஆகவே நாம் கேட்பன இவை. எந்தத் திட்டமாயினும் ஊரவையில் வைத்து, தமிழில் படித்துக் காட்டி, ஊரார் ஒப்பிய பின்னரே தொடங்குக. திட்டத்தின் பெயரும் தாளும் கணக்கும் தமிழில் இருக்கட்டும். பெரியாற்று நீரால் உத்தமபாளையம், போடி வட்டங்களில் 4,614 ஏக்கர் நிலத்துக்குப் பயன்தரும் பதினெட்டாங் கால்வாயைச் செப்பமாகக் காத்துத் தண்ணீரைக் கடைமடைக்கும் சேர்த்திடுக. மலையில் விளைந்ததைத் தரம்பிரித்துப் பொதிசெய்யும் தொழிலை அடிவாரத்தில், உழைப்போரின் கூட்டுறவாகவே நிறுவிடுக.

இவை கொடையல்ல. வழலைக் கட்டிக்கும் தீப்பெட்டிக்கும் அந்தக் கூலிப்பெண் செலுத்தும் வரியும் அரசின் கருவூலத்தில்தான் சேர்கிறது. தன் பணத்தில் ஒரு பகுதியையே அவள் திரும்பக் கேட்கிறாள். கேட்பவளை இரவலர் வரிசையில் நிறுத்துவது ஆட்சியா?

தமிழா! அடுத்த ஊரவைக் கூட்டத்துக்குச் செல். விளங்காத பெயரில் வரும் தாளைத் தமிழில் கொடு என்று கேள். கணக்கைக் கேள். கேளாத ஊருக்குக் கிடைப்பது எச்சில். கேட்கும் ஊருக்கே பங்கு!