விசாரணைக்கு முன்பே நாடு கடத்தலா?

பசிபிக்கில் பிரான்ஸ் ஆளும் நியூ கலிடோனியாவில் கைதான விடுதலை இயக்கத் தலைவர் கிறிஸ்தியான் தெய்ன் உள்ளிட்ட ஏழு பேரை 2024 ஜூனில் தனி விமானத்தில் ஏற்றி பிரான்ஸ் சிறைகளில் அடைத்தார்கள். அந்த ஆண்டு மே மாதக் கலவரம் தொடர்பாக இவர்கள் மீது சுமத்திய குற்றச்சாட்டு அப்போது விசாரணை அளவில்தான் இருந்தது. தெய்ன் அடைக்கப்பட்ட முலூஸ், ஜெர்மனி எல்லையோர ஊர். நியூ கலிடோனியாவின் தலைநகர் நூமியாவிலிருந்து சுமார் 17,000 கி.மீ. தூரம். மனைவி மக்கள் எப்படிப் போய்ப் பார்த்திருப்பார்கள்? உள்ளூர் வழக்கறிஞர் கட்சிக்காரரோடு எங்கே உட்கார்ந்து பேசியிருப்பார்? நேரமும் ஒத்துவராது: கோடையில் முலூஸில் நள்ளிரவு என்றால் நூமியாவில் காலை 9 மணி.

விசாரணை அமைதியாக நடக்கத்தான் இந்த ஏற்பாடாம். செய்தி பரவியதுமே தீவில் மறுபடியும் கட்டடங்கள் எரிந்தன. மே மாதக் கலவரத்தில் உயிர்களைப் பறித்தவர்கள் தண்டிக்கப்பட வேண்டும், சந்தேகமே இல்லை. அதற்கு நூமியாவிலேயே நீதிமன்றமும் இருக்கிறது, சிறையும் இருக்கிறது.

கலவரத்துக்கு வித்திட்டதே பாரிஸ்தான். 1998 நூமியா ஒப்பந்தப்படி, பிற்பாடு குடியேறியவர்களின் வாக்குரிமைக்கு வரம்பு இருந்தது. மக்கள்தொகையில் ஏறத்தாழ 40 சதவீதமான பூர்வகுடி கனக் மக்கள் சொந்த மண்ணில் குரலற்றுப் போகாமல் காத்தது அந்த வரம்புதான். அவர்களின் சம்மதமில்லாமல் அதை 2024-ல் தளர்த்தத் துணிந்தார்கள். 2021-லும் இப்படித்தான். கொரோனா சாவுகளுக்குத் துக்கம் காக்கிறோம், விடுதலை குறித்த பொதுவாக்கெடுப்பைத் தள்ளிவையுங்கள் என்று கனக் தலைவர்கள் கேட்டார்கள். காதில் வாங்கவில்லை. பாதிக்கும் மேற்பட்டோர் வாக்களிக்காத அந்த முடிவைத்தான் தீர்ப்பு என்கிறார்கள்.

நாடு கடத்துவதும் பிரெஞ்சு அரசுக்குப் பழகிய வேலை. பசிபிக்கில் பிரான்ஸ் ஆளும் இன்னொரு தீவான தஹித்தியில் விடுதலை கேட்ட புவானா ஆ ஊப்பாவை 1958-ல் கைது செய்து, தண்டித்து, பிரான்ஸுக்குக் கொண்டுபோனார்கள். 1968-ல்தான் ஊர் திரும்பினார். அவர் அங்கே இல்லாத 1966-ல் பிரெஞ்சுப் பாலினேசியாவின் மொருரோவாவில் அணுகுண்டுச் சோதனை தொடங்கிவிட்டது. தண்டனை தவறென்று 2018-ல் ரத்து செய்தது பிரெஞ்சு நீதிமன்றம். அவர் மறைந்து 41 ஆண்டுகள் ஆகியிருந்தன! 1878 கிளர்ச்சியில் கொல்லப்பட்ட கனக் தலைவர் அத்தாயின் தலையையே பாரிஸுக்குக் கொண்டுபோய், 2014 வரை திருப்பித் தராதவர்கள் இவர்கள். 1988-ல் நியூ கலிடோனியாவின் ஊவேயா தீவுக் குகையில் 19 கனக் மக்கள் கொல்லப்பட்டதும் இவர்கள் உத்தரவிட்ட தாக்குதலில்தான். ஒவ்வொரு முறையும் தீவின் தலைவிதியைத் தீவைக் கேட்காமலே எழுதினார்கள். பலமுறை ரத்தம் சிந்தியது.

வாக்குரிமைத் திருத்தத்தை நிறுத்திவைத்திருப்பதாக 2024 ஜூனில் சொன்னது போதாது, அப்போதே கைவிட்டிருக்க வேண்டும். எழுவரையும் உடனே ஊர் அனுப்பியிருக்க வேண்டும். பிறகு கனக் மக்களோடு சமமாக உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். அந்தப் பேச்சில் தெய்னுக்கும் இடம் இருந்திருக்க வேண்டும்.