பேத்தியைத் தேடிய பாட்டி

அர்ஜென்டினாவின் லா பிளாட்டா நகரில் கலை வரலாறு கற்பித்தவர் மரியா இசபெல் மரியானி. 'சிச்சா' என்பது செல்லப்பெயர். 1976 நவம்பர் 24 அன்று இராணுவ ஆட்சியின் படைகள் இவருடைய மகன் வீட்டைத் தாக்கின. மருமகள் கொல்லப்பட்டார்; மூன்று மாதப் பேத்தி கிளாரா அனாஹி கடத்தப்பட்டாள். அடுத்த ஆண்டு மகனும் கொல்லப்பட்டார். துயரில் முடங்காத சிச்சா, தம்மைப் போலவே பேரப்பிள்ளைகளைப் பறிகொடுத்த பெண்களோடு கைகோத்தார். 1977இல் 'மே சதுக்கத்துப் பாட்டிமார்' அமைப்பு உருவானது. பெற்றோர் உயிருடன் இல்லாதபோது, பாட்டியின் இரத்தத்தைக் கொண்டே குழந்தையை அடையாளம் காண முடியுமா என்று அறிவியலாளர்களிடம் இவர்கள் கேட்டார்கள். மரபியலாளர் மேரி-கிளேர் கிங் உள்ளிட்டோர் வழி கண்டனர். தேசிய மரபணுத் தரவு வங்கிக்கான சட்டம் 1987இல் வந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட பேரப்பிள்ளைகள் தங்கள் உண்மையான அடையாளத்தை மீட்டனர். பேத்தியைக் காணாமலே 2018இல், 94 வயதில் சிச்சா மறைந்தார். தாய்மையை வீட்டுக்குள் அடங்கிய பாசமாகப் போற்றுவது மட்டும் போதாது. அதிகாரத்திடம் கணக்குக் கேட்ட பாசத்துக்கும் வரலாற்றில் உரிய இடம் வேண்டும்.